வாசலில் இருப்பது சேஜ் இல்லை

அன்று காலையிலிருந்து அந்தத் தொட்டிகளுக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஊற்றிவிட்டு உள்ளே போவேன். உள்ளே போனால் எதற்கு வந்தோம் என்பது மறந்து போகும். திரும்ப வாசலுக்கு வருவேன், சொம்பை எடுப்பேன். கடைசியில் தனசேகர் சொம்பைக் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டான்.

"செடி அழுவிப் பூடும். ஒரு எடத்துல கம்னு குந்து."

தனசேகர் என் புருஷன். கட்டினவனை அவன் இவன் என்று சொல்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என் வாயில் அப்படித்தான் வரும். நாலு பேர் முன்னால் மட்டும் அவர் என்பேன்.

குந்த முடிந்தால் குந்த மாட்டேனா? சாயங்காலம் ஏலக் கொட்டகையில் ஊர் கூடுகிறது. ஏரியில் வலை கட்டுகிற பாட்டுக்குத் தக்கை போடப் போகிறார்கள். எங்கள் வீட்டுத் தக்கை பானைக்குள் விழுமா, விழாமலே போகுமா என்பது அங்கேதான் தெரியும். விழவில்லை என்றால் தனசேகர் மீஞ்சூர் பக்கம் ஏதோ கண்டெய்னர் யார்டில் லாரி ஓட்டப் போய்விடுவான். பேசி வைத்துவிட்டான். நானும் என்னைப் பெற்ற நைனாவும் பின்னாலேயே போக வேண்டியதுதான். இந்த ஏரியில் எங்களுக்கு அதோடு ஒன்றுமில்லை.

வெளியூர்க்காரர்களுக்குப் பழவேற்காடு ஏரி ஒரே தண்ணீர். எங்களுக்கு அப்படியில்லை. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் வற்றும்போது இறால் எந்த வழியாக ஓடும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அந்த வழிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டும் உரிமைக்குத்தான் பாடு என்று பெயர். பாட்டில் பங்கு வீட்டுக்கு ஒரு ஆணுக்கு, அவனைத்தான் தலைக்கட்டு என்போம். பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு தலைக்கட்டும் தன் வீட்டுக் குறி வெட்டிய வலைத் தக்கை ஒன்றைக் கொண்டுவந்து பானையில் போட வேண்டும். பூசாரி கையை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்த வரிசையில் இடமும் முறையும். மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் குப்பத்தில் இப்படித்தான்.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. தக்கையை வலது கையால், அவரவர் கையால் போட வேண்டும். பானைக்குள் விழுந்துவிட்டால் அதை யாரும் வெளியே எடுத்துப் போடக் கூடாது. அது அம்மன் மடியில் விழுந்ததாகக் கணக்கு. ஒருமுறை யாரோ இரண்டு தக்கை போட்டுவிட்டான் என்று தெரிந்தும், அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு இரண்டு இடம் விட்டார்கள். ஊரே அவனைத் திட்டியது, ஆனால் பானைக்குள் ஒருத்தரும் கை விடவில்லை.

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப் போயிற்று. போன பருவம் இரக்கப்பட்டு விட்டார்கள், ஊர்த் தலைவரே நைனாவின் கையைப் பிடித்துப் போட வைத்தார். இந்த முறை அது நடக்காது என்று சொல்லியாயிற்று. மகன் இருந்தால் மகன் போடலாம். நைனாவுக்கு நான் ஒருத்திதான்.

தனசேகர் சுண்ணாம்புக்குளத்துக்கு உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊர்க்காரன். எங்கள் குப்பத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான், அப்படியே என்னையும் பார்த்தான். கல்யாணத்துக்கு அப்புறம் வண்டியை விட்டுவிட்டு நைனாவோடு படகில் ஏறினான். முதலில் சேற்றில் கழி நடத் தெரியாமல் தலைகுப்புற விழுந்து ஊரைச் சிரிக்க வைத்தவன்தான். இப்போது அவன் கட்டுகிற வலை ஒரு பக்கம் சாய்கிறதா பாருங்கள். எங்கள் ஆட்கள் மாதிரியே பேசுகிறான், எங்கள் ஆட்கள் மாதிரியே முதுகு கறுத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் யாரும் இவனை உள்நாட்டுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

நைனாவுக்குப் பதிலாக மருமகன் போடட்டும் என்று கேட்பதற்குத்தான் சாயங்காலம் போகிறோம். பேசப் போகிறவள் நான். நைனாவுக்கு வாய் குழறும். தனசேகருக்கு வாய் இருக்கிறது, ஆனால் தனக்காகத் திறக்க வராது.

பகல் சாய்கிற நேரம் முத்தம்மாள் அக்கா வந்து வாசலில் உட்கார்ந்தது. ஏலக் கொட்டகையில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்கிற கை. என் தவிப்பு பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது, பேச்சை மாற்றுவதற்காகத் தொட்டியைக் காட்டியது.

"இன்னாடி செடி இது, சாம்பல் பூசுனாப்புல? அட்டையில இன்னா எழுதிக்கீற?"

"சேஜ் இல்லைனு எழுதிக்கீறேன்."

"இல்லாததையா எழுதி வெப்பாங்க?"

நான் சோழவரம் பக்கம் ஒரு நர்சரியில் வேலை செய்கிறேன். படித்தது தாவரவியல். தோட்டத்துக்கு அழகுக்கு வைக்கிற செடிகளுக்குப் பெயர் பார்த்து அட்டை எழுதி மாட்டுவது என் வேலை. கடற்கரையில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் வந்து, வெளிநாட்டு வாசனைச் செடி என்று "சேஜ் வேணும்" என்பார்கள். முதலாளி கையில் கிடைத்ததையெல்லாம் சேஜ் என்று கொடுத்துவிடுவார். சிவப்புச் சால்வியா, நீலச் சால்வியா, ரோஸ்மேரி, ரஷ்யன் சேஜ், இந்த வெள்ளி இலை டெக்சாஸ் சேஜ், எல்லாம் ஒரே கூடையில். அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. உண்ணிச்செடியைக்கூட வெளிநாட்டில் சில பேர் காட்டு சேஜ் என்கிறார்கள். அதையும் விற்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அன்றைக்கு வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டேன், வேலை போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

வாய் சும்மா இருந்தால் சாயங்கால நினைப்புத்தான் வருகிறது. அதனால் அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். உப்புக் காற்றில் முக்கால்வாசி செத்துப் போன நீலச் சால்வியாவிலிருந்து ஒரு தண்டைக் கிள்ளி அதன் கையில் கொடுத்தேன்.

"விரல்ல வச்சி உருட்டு."

"உருள மாட்டுது. பட்டையா கீது."

"நாலு பட்டை. துளசித் தண்டும் அப்படித்தான் இருக்கும், வூட்டுக்குப் போயி பாரு. துளசி, புதினா, இது, எல்லாம் ஒரே குடும்பம். எலை எதிரும் புதிருமா ஜோடி ஜோடியா வரும். பூவு ஒதடு தொறந்தாப்புல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அந்தக் குடும்பத்துக்குள்ள சால்வியான்னு ஒரு பேரினம். அதுல மட்டும் ஆயிரம் எனத்துக்கு மேல கீது. சேஜுன்னா அதான்."

"ஆயிரமும் ஒண்ணுன்னு எப்டிக் கண்டுபுடிச்சாங்க?"

"பூவுக்குள்ள பாத்து. மவரந்தம் உடற கேசரம் ரெண்டே ரெண்டுதான் இருக்கும். அநேகமா எல்லாச் சால்வியாலயும் அது கெணத்து ஏத்தம் மாதிரி. வண்டு தேனுக்குத் தலைய உட்டு முட்டுனா அந்தப் பக்கம் எறங்கி அதும் முதுவுல மவரந்தத்தத் தட்டிட்டு மேல போயிடும்."

முத்தம்மாள் அக்கா சிரித்தது. "வெவரமான பூவுதான். அப்ப இந்தச் சாம்பல் செடி?"

"இதுக்குத் தண்டு உருளும். பூவுல கேசரம் நாலு. ஏத்தமும் கெடையாது. இது வேற குடும்பம்க்கா, ஒட்டும் இல்ல உறவும் இல்ல. எலை வெள்ளையா கீது, பூவு ஊதாவா கீது, பாக்கறதுக்கு அப்டியே கீதுன்னு எவனோ சேஜுன்னு கூப்பிட்டுட்டான். கூப்பிட்டா ஆயிடுமா?"

தனசேகர் சற்றுத் தள்ளி வலைக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான். "நீ கொண்டாந்த எல்லாம் இங்க செத்துப் பூட்ச்சி. உப்புக்காத்துல நிக்கறது அது ஒண்ணுதான். தப்புப் பேரோட இருந்தா அதுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"பேர் சரியா இருக்கணும்யா. பேர் தப்பாச்சின்னா எல்லாம் தப்பு. சேஜுக்கு ஊத்தறாப்புல தண்ணி ஊத்துனா இது செத்துடும்."

"அதான் காலைலேர்ந்து ஊத்திக்கினு கீறியே" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரோஸ்மேரியைப் பற்றியும் சொன்னேன். அதற்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேனோ என்று பிறகு தோன்றியது. ரோஸ்மேரி இலை ஊசி ஊசியாக இருக்கும், சால்வியா மாதிரியே இருக்காது. ரொம்ப காலமாக அதைத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். அப்புறம் மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், அது பிறந்ததே சால்வியாக்களின் நடுவில்தான். ரஷ்யன் சேஜும் அப்படியே. இப்போது இரண்டே வழி. ஒன்று, இவற்றைச் சால்வியாவுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லை, வெளியேதான் வைப்போம் என்றால், சால்வியாவையே பல துண்டாக உடைத்து நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும். உடைப்பதைவிடச் சேர்ப்பது நல்லது என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சொல்லி முடித்தபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஊர்த் தலைவர் அர்ஜுனன் மாமாவின் தாத்தா ஆந்திரா பக்கமிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். இன்னும் நாலைந்து தலைக்கட்டும் அப்படித்தான். வந்தவன் ஆகாது என்றால் ஊரையே அல்லவா உடைக்க வேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடினாற்போல இருந்தது. எழுந்து புடவையை மாற்றிக்கொண்டேன்.

ஏலக் கொட்டகையில் தினமும் காலையில் பெண்கள்தான் தொண்டை கிழியக் கத்துவோம். ஊர் கூடுகிற நாளில் மட்டும் நாங்கள் தூணுக்கு வெளியே நிற்க வேண்டும். நடுவில் பானை, அதன் வாயில் மஞ்சள் துணி. அர்ஜுனன் மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நைனாவுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். நைனா இடது கையில் எங்கள் தக்கையை வைத்திருந்தார், இரண்டு வெட்டும் நடுவில் ஒரு புள்ளியும் எங்கள் குறி. தனசேகர் அவர் பின்னால் நின்றான். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான்.

ஆட்கள் வந்து வந்து போட்டார்கள். தக்கை விழுகிற சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணினேன். எங்கள் முறை வந்தது.

"பொன்னுரங்கம் தக்கை இந்த வாட்டி நின்னுடுது" என்றார் மாமா, நைனாவின் பெயரைச் சொல்லி. குரலில் வன்மம் இல்லை. "யாருன்னா எதுனா சொல்லணுமா?"

"நான் சொல்லணும் மாமா" என்றேன் தூணுக்கு வெளியிலிருந்து.

தன் தக்கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பாட்டுக்காரன் ரங்கன் திரும்பிப் பார்த்தான். எங்கள் தக்கை நின்றால் அவன் கூட்டத்துக்கு இடம் சீக்கிரம் சுற்றி வரும். "பொம்பளைங்கள யாரு கூப்டா?" என்றான்.

"சொல்லட்டும் உடு" என்றார் மாமா.

நான் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். என் புருஷன் நைனாவோடு எத்தனை பருவம் தொழில் செய்தார் என்று சொன்னேன். ரோஸ்மேரியைச் சொன்னேன். சில பேர் சிரித்தார்கள், நான் விடவில்லை. வெளியே இருந்து வந்தது என்று நினைத்த செடியைத் தள்ளினால் சொந்தச் செடிகளையே உடைக்க வேண்டி வந்ததைச் சொன்னேன். அப்புறம் நேராகக் கேட்டேன்.

"உங்க தாத்தாவும் வூட்டோட மாப்ளையா வந்தவருதான மாமா? வந்தவங்கள வெளிய நிறுத்துனா, மொதல்ல உங்க தக்கையத்தான் எடுக்கணும்."

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். முத்தம்மாள் அக்கா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளியது.

அர்ஜுனன் மாமா கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் செடிய உள்ள சேத்தாங்களே, எதுக்கு? ரொம்ப நாளு கூடவே வளந்துச்சுன்னா?"

"இல்ல மாமா. அது அதுங்க நடுவுல பொறந்தது. ரத்தம் மாதிரி. சோதிச்சித் தெரிஞ்சிக்கினாங்க."

"கூட வளந்ததுக்கோசரம் இல்ல?"

"இல்ல."

"எங்க தாத்தா வந்தவருதான். ஆனா அவரு சாவற வரிக்கும் இந்தப் பானையில தக்கை போட்டதில்லம்மா. கூடமாட தொழில் பண்ணாரு, அவ்ளோதான். எங்க நைனாதான் போட்டாரு. ஏன்னா எங்க நைனாவப் பெத்த அம்மா இந்த ஊரு. அவங்க வழியாத்தான் எங்களுக்குப் பாடு. நீ சொல்ற கணக்கும் இதான். உன் வூட்டுக்காரரு யாரு வழியா வந்தாரு?"

நான் கொண்டுவந்த கத்தியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. தனசேகர் தரையைப் பார்த்தான்.

ரங்கனுக்கு அதோடு விட மனம் வரவில்லை. "செடிக்கணக்குப் பாத்தா உள்ள கீறது நீதான்மா. அப்ப உன் வூட்டுக்காரரு இன்னா செடி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும், அது என் பிறவிக் குணம். சிரிப்பு காதில் விழுந்தது, ரங்கன் சொன்னதில் முதல் பாதியும் விழுந்தது. உள்ளே இருப்பது நான்தான். அர்ஜுனன் மாமாவுக்கு ஒரு பெண் வழியாக வந்த பாடு, அந்தப் பெண்ணிடம் இருக்காமலா மகனுக்கு வந்திருக்கும்? அது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது.

"அவரு இந்த எனமே இல்ல" என்றேன். ஊர் முழுக்கக் கேட்க, உரக்கச் சொன்னேன். "ஒட்டும் இல்ல உறவும் இல்ல. உள்ள கீறவ நான்தான். அப்ப நான் போடறேன்."

தூணைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். யாரோ ஏய் ஏய் என்றார்கள். நைனாவின் முன்னால் போய்க் கையை நீட்டினேன். நைனா என் முகத்தைப் பார்த்தார். இடது கையால் தக்கையை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டார். அவர் தடுத்திருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

வலது கையால் போட்டேன். மற்ற தக்கைகள் விழுந்த அதே சத்தம்தான் கேட்டது.

"இன்னா மாமா இது" என்று ரங்கன் எழுந்தான். "எடுத்து வெளிய போடுங்க."

அர்ஜுனன் மாமா பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ரங்கனிடம் சொன்னார். "நீயே எடு."

ரங்கன் பானைக்குப் பக்கத்தில் போனான். கொட்டகையே அவன் கையைப் பார்த்தது. அவன் கை இடுப்பில் இருந்தது, அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அசிங்கமாக எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"சரி, உழுந்தது உழுந்ததுதான்" என்றார் மாமா. "இந்தப் பருவத்துக்கு இருக்கட்டும். அடுத்ததுக்கு அப்புறம் பேசிக்கலாம். ஆனா போட்ட கைதான் படவுல வரணும் தேவகி. ஆளு அனுப்பிட்டு நீ நர்சரிக்குப் போவக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும் மாமா."

பூசாரி எடுக்க ஆரம்பித்தார். எங்கள் குறி நடுவில் எங்கேயோ வந்தது, மோசமில்லாத இடம். முத்தம்மாள் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பொய் சொல்வானேன். கூட்டத்தில் தனசேகரைத் தேடினேன். அவன் நைனாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். நைனாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு, சலவைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். வாசலில் அந்த வெள்ளி இலைச் செடியின் முன்னால் குந்தியிருந்தான். தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்" என்றேன்.

"ம்."

"நான் வேணும்னு சொல்லல."

"நல்ல எடம் வந்துகீது. வடக்கால கழி ரெண்டு பழசு. மாத்தணும்."

"எதுனா திட்டேன்யா."

"எதுக்குத் திட்டணும்? தக்கை உழுந்துச்சி. அதுக்குத்தான போனோம்?"

அவன் குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்தி அழுது சரியாகியிருப்பேன். குனிந்து அந்த அட்டையைப் பிடுங்கப் போனேன். என் கையெழுத்தில் சேஜ் இல்லை என்று எழுதிய அதே அட்டை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும். உண்மதான?"

"மீஞ்சூருக்குப் போயிடுவியா?"

"பாடு வந்துடுச்சில்ல. வலை கட்ட ஆளு வாணாவா?" என்று சொல்லிவிட்டுக் கழி பார்க்கப் போய்விட்டான். அப்புறம் நான் வீட்டுக்குள் நடந்த நடைக்கு லைட்ஹவுஸ் குப்பம் போய்த் திரும்பியிருக்கலாம்.

எங்கள் முறை வந்த அன்று வெளுக்கிற நேரத்தில் படகு ஏறினோம். நர்சரிக்கு லீவு சொல்லியிருந்தேன். சின்ன வயதில் நைனாவின் படகில் சும்மா உட்கார்ந்து போனதோடு சரி, வலை கட்டிப் பழக்கமில்லை. கழி நட வேண்டிய இடத்தில் தனசேகர் இறங்கினான், இடுப்பளவு தண்ணீர். காலால் சேற்றைத் தடவிப் பார்த்து, ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதுகைக் கொடுத்து நின்று பார்த்து, முதல் கழியை நட்டான். அது அசையவில்லை. நான் முடிச்சுப் போட்ட கயிறு அவன் தொட்டதும் அவிழ்ந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வாங்கி, மெதுவாக, நான் பார்க்கும்படி திரும்பக் கட்டினான். அடுத்ததை என்னிடம் கொடுத்தான்.

தோணிரேவுப் பக்கமிருந்து ஒரு படகு எங்களைக் கடந்தது. ஏரியில் கழி நட்டிருப்பவர்களைப் பார்த்தால் யார் பாடு என்று கேட்டுவிட்டுத்தான் கடப்பார்கள். பாட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"யாரு பாடு?"

தண்ணீரில் நிற்கிறவனைப் பார்த்தேன். அவன் தோளில் கழி உரசிச் சிவந்திருந்தது.

"தனசேகர் பாடு" என்று கத்தினேன்.

அந்தப் படகில் ஒரு தயக்கம் தெரிந்தது. யாருடைய பாடு என்று சுற்று வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதைதானே அது. அதற்குள் தனசேகர் தலையை நிமிர்த்திக்கொண்டான், என்னைவிட உரக்கக் குரல் கொடுத்தான்.

"பொன்னுரங்கம் மவ தேவகி பாடு."

அவர்கள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். படகுச் சத்தம் தேய்ந்தது.

"ஏன்யா?" என்றேன்.

"பேர் சரியா இருக்கணும்னு நீதான சொல்லுவ."

"அப்ப நீ?"

கோபம் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். வெயில் ஏறாத அந்த வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் கூட வந்தவன்" என்றான். "வலையப் புடி, தண்ணி வத்துது."

இரண்டு கையாலும் வலையைப் பிடித்தேன். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. அவன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கழியை எடுத்தான்.